நாலு மூட்டைச் சுண்ணாம்பு

முட்டை பிரிக்கிற வேலைக்குக் கண்ணும் கையும் போதும். காது சும்மாதான் இருக்கும். அந்தக் காதுக்கு நாங்கள் கொலைக் கதைகளைப் போட்டோம்.

நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகிற ரோட்டில், உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கோழிப்பண்ணையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். காலை எட்டு மணிக்கு ஷெட்டுகளிலிருந்து முட்டை தள்ளுவண்டியில் வந்து இறங்கும். உடைந்தது, விரிசல் விட்டது, எச்சம் ஒட்டியது, பொடி முட்டை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, நல்லதை ட்ரேக்கு முப்பதாக அடுக்க வேண்டும். மதியம் லாரி வந்துவிடும். அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. ஆள் சேர்ப்பதும் நிறுத்துவதும் என் வாய்ச்சொல். மேனேஜர் தலையாட்டுவார்.

என்னோடு வேலை செய்பவள் ஆத்தூர்க்காரி. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து எட்டு வருடமாகிறது. இன்னும் அவள் வாயில் ஒரு 'ங்க' வரவில்லை. மேனேஜரையே "வா சார், டீ குடிச்சியா" என்பாள். அவள்தான் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தாள். காலி ட்ரே அடுக்கின்மேல் போனைச் சாய்த்து வைப்பாள். எல்லாம் நிஜமாக நடந்த கொலைகள், நிஜப் போலீஸ், நிஜக் கோர்ட்டு. வெள்ளைக்காரர்கள் தமிழில் அழுவார்கள். ஏதோ குளிர் தேசத்தில் ஒரு தபால்காரன் தன் பங்காளியை உறைந்த ஏரிக்குள் தள்ளிவிட்டு, தேடப் போன கூட்டத்தில் தானும் டார்ச் பிடித்துக்கொண்டு நடந்தான். நான் பார்த்த முதல் கதை அது. அன்றைக்கு எச்ச முட்டை நாற்பதை நல்ல ட்ரேயில் அடுக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குச் சண்டை போட வேறு விஷயம் தேவைப்படவில்லை.

"இத மட்டும் பாருக்கா. கடைசி வரைக்கும் கண்டுபுடிக்கவே முடியாது," என்பாள்.

"நீ சொன்ன போன வாரத்துக் கதையில பத்தாவது நிமிசமே தெரிஞ்சு போச்சு, மச்சினன்தான்னு."

"அளக்காதக்கா. நீ தோட்டக்காரன்னு சொன்ன."

"மொதல்ல தோட்டக்காரன்னு சொன்னன். அப்பறம் மாத்திக்கிட்டன்."

"மாத்துறதுக்குப் பேரு கண்டுபுடிக்கிறதா? போ, போயி எச்ச முட்டையத் தொடை."

தப்பாகச் சொன்னவள் எச்ச முட்டையைத் துடைக்க வேண்டும் என்பது எங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். அவளுக்குப் போலீஸ் விசாரிக்கிற படங்கள் பிடிக்கும். ஒரே அறை, ஒரே மேசை, எதிரில் ஒருத்தன் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குக் கோர்ட்டு இருக்க வேண்டும். கடைசியில் தீர்ப்பு வர வேண்டும். தீர்ப்பு வராத கதையை எனக்குச் சொல்லாதே என்று அவளைத் திட்டியிருக்கிறேன். நடிகர்களை வைத்து எடுக்கிற பகுதியை நம்பலாமா கூடாதா என்று ஒருநாள் ஆரம்பித்த வாக்குவாதம் மூன்று நாள் ஓடியது.

நல்லதாக ஒன்று பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. என் வீட்டுக்காரர் வடக்கே லாரி ஓட்டுகிறார். அவருக்கு அனுப்புவேன், ராசிபுரத்தில் இருக்கிற என் அக்காவுக்கு அனுப்புவேன். பண்ணைக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எந்த ஷெட்டில் தண்ணீர் வரவில்லை, எந்த லாரி எப்போது வருகிறது என்பதற்காகப் போட்ட குழு. அதில் மேனேஜர், டிரைவர்கள், முதலாளி, முதலாளியம்மா எல்லோரும் இருக்கிறார்கள். அதிலும் போட்டுவிடுவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. முதலாளியம்மா கட்டைவிரல் படம் போடுவார்.

மார்கழியில் ஆத்தூர்க்காரி ஒன்றைக் கொண்டுவந்தாள். தமிழ்ச் சேனல் ஒன்று எடுத்தது. நம்ம பக்கத்துக் கேஸ் என்றாள். அதற்காகவே நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

நாலாயிரம் கோழி உள்ள ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து நடத்திய ஒருத்தன் சித்திரை மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் பைக்கில் போனான். திரும்பவில்லை. பைக் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தது. ஆளைக் காணோம். இன்றுவரை காணோம். பொண்டாட்டியின் முகத்தை மங்கலாக்கி, குரலை மாற்றிக் காட்டினார்கள். ஆனால் சொன்னதெல்லாம் அவளைப் பற்றித்தான். புருஷனைக் காணோம் என்று அவள் மூன்றாம் நாள்தான் போலீசுக்குப் போனாள். அவன் காணாமல் போன மறுநாள் கடையில் நாலு மூட்டைச் சுண்ணாம்பு வாங்கினாள். பில்லைத் திரை முழுக்கக் காட்டினார்கள். கீழே அவள் கையெழுத்து, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அப்புறம் மேலே பறந்து எடுத்த படம்: ஷெட்டுக்குப் பின்னால் புதிதாகத் தோண்டி மூடிய குழி. சத்தம் நின்றுவிட்டது. ஒரு கனத்த குரல் கேட்டது: "கணவர் காணாமல் போன மறுநாள், ஒரு மனைவிக்கு நாலு மூட்டைச் சுண்ணாம்பு எதற்கு?"

நான் வாயில் கை வைத்துக்கொண்டேன்.

"அவதான்க்கா," என்றாள் ஆத்தூர்க்காரி.

"பின்ன? சுண்ணாம்பப் போட்டா எலும்பு கூட மிஞ்சாது. படிச்சவளா இருப்பா போல."

"ஆனா அந்தப் பைக்கு?"

"பைக்க எவன்கிட்டயாவது குடுத்து நிறுத்தச் சொல்லியிருப்பா. உனக்கு எல்லாத்தயும் நானே சொல்லோணுமா? அது மட்டுமா, வருசம் திரும்பறதுக்குள்ள பொட்ட எடுத்துட்டாளாமா. அவன் செத்தது இவளுக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பொட்டு விஷயம் நானாகக் கண்டுபிடித்தது என்று எனக்குப் பெருமை. படத்தில் அதைப் போகிறபோக்கில்தான் சொன்னார்கள். நான் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரம் அதே பேச்சு. அன்றைக்கே எல்லோருக்கும் அனுப்பினேன். பண்ணைக் குழுவில் இப்படி எழுதினேன்: கண்டிப்பா பாருங்க. நம்ம பக்கம் நடந்தது. பொண்டாட்டிதான் பண்ணியிருக்கா.

தை பிறந்து ஒரு வாரம் கழித்து ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும். கூடவே ஒரு பெண்பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு. பண்ணையில் வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு இருக்கிறது. ஒரு அறை, ஒரு அடுப்படி. அதில் ஒன்று காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தாள்.

"ஊட்டுக்காரர்?" என்று கேட்டேன்.

"இல்லீங்க."

அதற்குமேல் கேட்கவில்லை. வேலைக்கு வருகிற பெண்கள் பாதிப்பேருக்குப் புருஷன் இருந்தாலும் இல்லாத மாதிரிதான்.

"இருந்த எடத்த விட்டுட்டு பரீட்சை நேரத்துல எதுக்கு வாரீங்க?"

"மாமியா ஊட்டுல இருக்க வேண்டாம்னுட்டாங்க. இங்கிருந்து அவ பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்சுங்க. பரீட்சை முடியற வரைக்கும் ஒரு எடம் கெடச்சாப் போதுங்கக்கா. அவ நர்சுக்குப் படிக்கோணுங்கறா. மார்க்கு வந்தாத்தான் முடியும்."

சேர்த்துக்கொண்டேன். வேலை தெரிந்தவள். இரண்டு முட்டையை லேசாக ஒன்றோடொன்று தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்வாள். எங்களுக்கு அது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். முன்னே பண்ணை வைத்திருந்தீர்களா என்றேன். கொஞ்ச நாள் என்றாள். அவள் பெண் சாயங்காலம் தீவன கொடோனில் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து உயிரியல் படிப்பாள். பக்கத்து ஷெட்டில் ஐயாயிரம் கோழி கத்தும்.

"இந்தச் சத்தத்துல எப்படி சாமி படிக்கறே?"

"பழகிருச்சுங்க பெரியம்மா. சத்தம் இல்லாட்டித்தான் படிக்க வரமாட்டீங்குது."

போனில் கதை ஆரம்பித்தால் அவள் அம்மா எழுந்து எச்ச முட்டை துடைக்கிற பக்கம் போய்விடுவாள். முதுகைக் காட்டி உட்காருவாள். எங்களுக்கு வசதிதான். சண்டையில் யார் தோற்றாலும் துடைக்க ஆள் இருந்தது.

"உனக்குப் புடிச்சது எதுனா இருந்தா சொல்லேன், போடுறேன்," என்றாள் ஆத்தூர்க்காரி ஒருநாள்.

"நான் பாக்கறதில்லீங்க."

"பயமா? பயந்தவ மாதிரி தெரியலியே."

"தலவலிங்க. நீங்க பாருங்க."

நான் குறுக்கே விழுந்து, "உடு, எல்லாருக்கும் நம்மள மாதிரி மூள இருக்குமா," என்றேன். சிரித்தோம். அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாசி முடிவதற்குள் வெயில் வந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் மூன்றாவது ஷெட்டில் தண்ணீர் தெளிக்கிற மோட்டார் நின்றுபோனது. யாரும் கவனிக்கவில்லை. மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் இருநூறு கோழிக்குமேல் கூண்டுக்குள் கழுத்தைத் தொங்கப் போட்டுக் கிடக்கிறது. வெயில் காலத்தில் இது நடக்கும். செத்த கோழியை வைத்திருக்க முடியாது. அன்றைக்கே ஷெட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கோழியைக் கொட்டி, மேலே சுண்ணாம்புத் தூளைப் போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் நாறும், ஈ மொய்க்கும், நாய் தோண்டும், மிச்சமுள்ள கோழிக்கு நோய் வரும். ஜேசிபி வந்து குழி தோண்டியாகிவிட்டது. கொடோனில் போய்ப் பார்த்தால் சுண்ணாம்பு ஒரு மூட்டைகூட இல்லை.

டெம்போ டிரைவர் தயாராக நின்றான். கடையில் ஒருத்தர் கையெழுத்துப் போட்டு எடுத்து வர வேண்டும். எப்போதும் நான்தான் போவேன். அன்றைக்கு எனக்கு ஷெட்டில் வேலை இருந்தது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"நீங்க போயி நாலு மூட்டைச் சுண்ணாம்பு எடுத்துட்டு வந்துருங்க. பில்லுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவள் நின்றாள். கையில் இரண்டு செத்த கோழிகளைக் காலைப் பிடித்துத் தூக்கியிருந்தாள். கீழே போட்டாள்.

"வேற எது வேணா செய்யறனுங்கக்கா. குழிக்குள்ள எறங்கச் சொல்லுங்க, எறங்கறன். என் கையெழுத்துப் போட்டுச் சுண்ணாம்பு மட்டும் வாங்கமாட்டன்."

நான் எரிச்சலில் இருந்தேன். "ஏன், கை சுட்டுருமா?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் ஆத்தூர்க்காரி "அய்யோ" என்று சொன்னது கேட்டது. எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு எனக்கும் புரிந்தது.

நான் கண்ணைத் திருப்பினேன். ஷெட்டுக்குப் பின்னால் புதிதாகத் தோண்டிய குழி. ஜேசிபி நின்றது. இருநூறு கோழி. நாலு மூட்டைச் சுண்ணாம்பு வாங்கி வா என்று இப்போதுதான் என் வாய் சொன்னது. பதினோரு வருடத்தில் எத்தனை முறை நான் அந்தக் கடையில் சுண்ணாம்புக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சித்திரை வெயில், கோழிப்பண்ணை, குழி, சுண்ணாம்பு. சென்னையில் உட்கார்ந்து படம் எடுத்தவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தப் படத்தைப் பார்க்கும்போது என் முதுகுக்குப் பின்னால் சுவரோரம் சுண்ணாம்பு மூட்டை அடுக்கியிருந்தது. நாங்கள் வாயில் கை வைத்துக்கொண்டோம்.

ஆத்தூர்க்காரி போனை எடுத்தாள். எதற்கு எடுத்தாளோ. "உள்ள வையி அத," என்று கத்தினேன். மேனேஜர் திரும்பிப் பார்த்தார். டெம்போவில் ஏறி நானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். கடைக்காரர் பில்லை நீட்டும்போது, "என்னக்கா, வெயில்ல போயிருச்சா?" என்று மட்டும்தான் கேட்டார். அந்தக் கடைக்காரர் கேட்ட அளவுக்குக்கூட நான் யோசிக்கவில்லை.

சாயங்காலம் லைன் வீட்டுக்குப் போனேன். அவள் துணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பெண் பள்ளியிலிருந்து வரவில்லை.

"இன்னைக்கே போயிரட்டுங்களா, நாளைக்கிக் காத்தாலயா?"

"எங்க போவீங்க?"

"தெரியிலீங்க."

"பரீட்சை எப்ப?"

"இன்னும் ஒம்பது நாளுங்க."

"மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா சேத்தியிருப்பீங்களா?"

சேர்த்திருக்க மாட்டேன். மூட்டையை அவிழ்க்கச் சொன்னேன். அவள் அவிழ்க்கவும் இல்லை, கட்டவும் இல்லை. அதன்மேலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள்.

"ரெண்டு நாளு ஏன் போலீசுக்குப் போகலைன்னு கேக்கறாங்க. அவரு முட்டை லாரியில கேரளாவுக்கு ஏறிப் போவாருங்க. சொல்லாமயும் போவாரு. போன் எடுக்கமாட்டாரு. மூணாம் நாளு வருவாரு. வல்லைன்னுதான் போனன். பொட்டு வெச்சிருந்தப்ப மினுக்கிட்டுத் திரியறாள்ன்னாங்க. எடுத்தப்ப, செத்தது இவளுக்கு எப்படித் தெரியும்ன்னாங்க. நான் எதச் செய்யோணும்னு நீங்களே சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் அப்போது அசாம் பக்கம் இருந்தார். மூன்று நாளாக அவர் பேசவில்லை என்பது அவள் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நான் எந்தப் போலீசுக்கும் போகவில்லை.

"போலீசு அந்தக் குழியத் தோண்டிப் பாக்கலயா?"

"தோண்டுனாங்க. கோழி எலும்புதான் வந்துச்சு. படத்துலயும் சொல்றாங்களே, நீங்க கேக்கலீங்களா?"

வீட்டுக்கு வந்து திரும்பப் போட்டுப் பார்த்தேன். சொல்கிறார்கள். கடைசியில், எழுத்து ஓடும்போது, ஒரே வரி. அதற்குள் நானும் ஆத்தூர்க்காரியும் சண்டையை ஆரம்பித்திருப்போம்.

மறுநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மரியாதை தெரிந்தவர்.

"அந்தம்மாவ அனுப்பிருங்கக்கா. இன்னைக்கே."

"யாரு சொன்னது?"

"யாரோ சொல்லிட்டாங்க. சேலத்துல இருந்து முதலாளியம்மா போன் பண்ணாங்க. பண்ணைக்குள்ள அந்த மாதிரி ஆளு வேண்டாமாமா."

"எந்த மாதிரி ஆளு? சுண்ணாம்பு எதுக்கு வாங்கறோம்னு உங்களுக்குத் தெரியாதா சார்? நேத்து ஜேசிபிய வரச் சொன்னதே நீங்கதான?"

"தெரியும்க்கா. எனக்குத் தெரியாதா? ஆனா அம்மா படத்தப் பாத்துட்டாங்க." கொஞ்சம் தயங்கினார். "நீங்க அனுப்புனதுதான்."

இன்றைக்கு வரை எனக்குச் சரியாகத் தெரியாதது, முதலாளியம்மாவுக்குச் சொன்னது டெம்போ டிரைவரா ஆத்தூர்க்காரியா என்பது. கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. மேனேஜரிடம் ஒருநாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

முதலாளி வீடு ஃபேர்லேண்ட்ஸில். வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு இனிப்பு வாங்க எங்களைக் கூப்பிடுவார்கள், வாசலோடு திரும்புவோம். அன்றைக்கு உள்ளே உட்கார வைத்தார்கள். முதலாளியம்மா நல்லவர்தான். காபி கொடுத்தார்.

"வெயில்ல எதுக்கும்மா வந்தே? போன்ல சொன்னாப் போதாதா?"

விஷயத்தைச் சொன்னேன். வெயிலில் கோழி சாவதை, குழியை, சுண்ணாம்பை. நம்ம பண்ணையில் நேற்றுகூட நாலு மூட்டை போட்டோம், பில்லு என் கையெழுத்தில் இருக்கிறது என்றேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். கண்ணில் ஆர்வம் தெரிந்தது. எனக்கு அந்த ஆர்வம் நன்றாகத் தெரியும்.

"சரி, சுண்ணாம்ப உடு. அந்த ரெண்டு நாளு?"

"லாரியில போற ஆளுங்கம்மா அவரு. எங்க ஊட்டுக்காரரும் அப்பிடித்தான். மூணு நாளாப் பேசல. அதுக்கு நான் கொன்னுட்டன்னு அர்த்தமுங்களா?"

"உன் கத வேற. பொட்ட எடுத்தது? அவரு இல்லைன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்களாச் சொல்றீங்களா, படத்துல சொன்னதுங்களா?"

"படத்துல எங்கேம்மா அப்படிச் சொன்னாங்க? நீதான சொன்னே." அவர் போனை எடுத்துத் தேடினார். குழுவில் நான் மார்கழியில் போட்டதைக் காட்டினார். அதற்குக் கீழே, நானே மறந்துபோன இன்னொன்றும் இருந்தது. யாரோ ஒரு டிரைவர், எப்படிச் சொல்றீங்க என்று கேட்டதற்கு நான் நாலு வரி எழுதியிருந்தேன். பொட்டு, மூன்றாம் நாள், சுண்ணாம்பு. வரிசையாக, வக்கீல் மாதிரி. "இதப் படிச்சதுக்கப்பறம்தான் எனக்கே அது தோணுச்சு. நல்லா கவனிச்சிருக்கறியேன்னு அப்பவே நெனச்சேன்."

"நான் சொன்னது தப்புங்கம்மா."

"இப்ப அவள உனக்குத் தெரியும். அதனால சொல்றே."

அவர் சொன்னது சரி. அதுதான் காரணம். அந்தப் பெண்பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். தீவன கொடோனில் படிப்பதை, எட்டு நாளில் பரீட்சை என்பதை, இப்போது கிளப்பினால் அது எங்கே உட்கார்ந்து படிக்கும் என்பதை. இரண்டு முறை சொன்னேன். கெஞ்சிப் பழக்கமில்லை எனக்கு, கத்தித்தான் பழக்கம். கெஞ்சினேன்.

"கடைசிப் பரீட்சை வரைக்கும் இருக்கட்டும். மறுநாள் போயிரோணும்," என்றார். அதற்குமேல் பேச இடம் கொடுக்கவில்லை. நான் செருப்பு மாட்டும்போது வாசல்வரை வந்தார். "வேற புதுசா எதுனாச்சும் நல்லதாப் பாத்தியா? இருந்தா அனுப்பு."

பஸ்ஸில் உட்கார்ந்து, மார்கழியில் போட்டதை அழிக்கப் பார்த்தேன். நாளாகிவிட்டதாம். என் போனிலிருந்து மட்டும்தான் போகும், மற்றவர்களிடம் இருக்கும். புதிதாக எழுதினேன்: அந்த வீடியோவில் வருவது தப்பு. சுண்ணாம்பு செத்த கோழிக் குழிக்குப் போடுவது. நம்ம பண்ணையிலும் போடுகிறோம். அந்தம்மா ஒன்றும் செய்யவில்லை. ராசிபுரத்து அக்காவுக்கும் அனுப்பினேன். அவள் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. குழுவில் ஒரு தீவன லாரி டிரைவர் சிரிக்கிற படம் போட்டான். வேறு யாரும் எதுவும் எழுதவில்லை. மார்கழியில் எழுதியதற்குப் பதினேழு பேர் பதில் போட்டிருந்தார்கள்.

அடுத்த மூன்று வாரம் முட்டை அறையில் போன் பாடவில்லை. முட்டை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஆத்தூர்க்காரி ஒருநாள் தாங்கமாட்டாமல் அந்தப் பெண்ணிடமே சொன்னாள்: "நாங்க வேணும்னு பண்ணலக்கா. ஊரே பாத்துச்சு, நாங்களும் பாத்தோம்."

"தெரியுங்க," என்றாள் அவள். "எங்க ஊட்டுக்காரரு காணாமப் போறதுக்கு முன்ன நானும் பாப்பன். நானும் பொண்டாட்டிதான்னுதான் சொல்லுவன்."

ஆத்தூர்க்காரி சிரித்துவிட்டாள். அவளும் லேசாகச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கடைசிப் பரீட்சை உயிரியல். அந்தப் பிள்ளை சாயங்காலம் வந்து நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னது. ஒரு கேள்வி மட்டும் பாடத்துக்குப் பின்னால் இருக்கிற கேள்விகளில் இல்லாமல், உள்ளேயிருந்து கேட்டுவிட்டார்கள் என்றது. மறுநாள் காலையில் அவர்கள் திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குப் புறப்பட்டார்கள். அங்கே தங்க இடம் உண்டாம். மேனேஜர் பஸ் ஸ்டாண்டு வரை டெம்போ கொடுத்தார்.

அவள் மூட்டையைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன். பிள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நெசமா, அவருக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டேன்.

அவள் முடிச்சைப் போட்டு முடித்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். களைத்துப் போயிருந்தாள்.

"உங்களுக்கு இன்னம் அதுதானுங்களா?" என்றாள். "எனக்குத் தெரியாதுங்கக்கா. தெரிஞ்சா பொட்டு வெக்கறதா வேண்டாமான்னாச்சும் முடிவு பண்ணியிருப்பன்."

வண்டி கிளம்பியது. பிள்ளை கை ஆட்டியது. நான் அங்கேயே நின்றேன். வெட்கம் பிறகுதான் வந்தது. அந்த நிமிடம் எனக்கு இருந்தது ஏமாற்றம் மட்டும்தான். முடிவு வராத கதையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாளே என்ற எரிச்சல்.

முட்டை அறைக்குத் திரும்பினேன். முதல் தள்ளுவண்டி வந்து நின்றிருந்தது. ஆத்தூர்க்காரி தலையைத் தூக்கினாள்.

"போறப்ப எதுனா சொன்னாளாக்கா? அந்த ஆளப் பத்தி?"

"முட்டையப் பாருடி," என்றேன்.